199 கிலோ

போன சனிக்கிழமை ராத்திரி நீ போன் பண்ணினாய். எப்போதும் கேட்கும் "சாப்டீங்களா பெரியப்பா" இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "வண்டியைக் கீழே போட்டுட்டேன்" என்றாய். குரல் உடைந்திருந்தது. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றபோது, நின்ற இடத்திலேயே இடது பக்கம் சாய்ந்துவிட்டது. உனக்கு அடி இல்லை. வண்டிக்கும் கிளட்ச் லீவர் நுனி வளைந்ததோடு சரி. ஆனால் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள், அதில் ஒருவர் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னை அழவைத்தது அதுதான்.

உன் அப்பன் மறுநாள் காலையிலேயே என்னிடம் வந்துவிட்டான். "நீங்கதான் அவளைக் கெடுத்தது, நீங்களே சொல்லி விக்க வைங்க" என்றான். நான் பதில் பேசவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கே எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன், பாப்பா. விற்கச் சொல்லமாட்டேன். எட்டு வயதில் என் புல்லட்டின் டேங்க் மேல் உட்கார்ந்து ஆற்காடு வரை வந்தவள் நீ. இருபத்தேழு வயதில், சொந்தச் சம்பளத்தில், 2021 மாடல் ஹிமாலயனை செகண்ட் ஹேண்டில் வாங்கி, இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி போகவேண்டும் என்கிறாய். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த வண்டி, எந்த மலையை நினைத்துச் செய்தார்களோ அந்த மலைக்குப் போகப்போகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் போவதற்கு முன் சில விஷயங்கள் உன் உடம்புக்குத் தெரிந்தாகவேண்டும்.

உன் வண்டி பெட்ரோலோடு சேர்த்து 199 கிலோ. நீ ஐம்பத்து நாலு கிலோ. அந்த ஆள் பேசியது தப்பு, ஆனால் இந்தக் கணக்கு கணக்குதான். அது ஆணுக்கும் அதே கணக்கு என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எண்பது கிலோ ஆளாக இருந்தாலும், ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்ட வண்டியைக் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்த முடியாது. நேராக நிற்கும்போது பாரம் முழுவதும் டயர் மேல் இருக்கிறது. ஒரு விரல் போதும், பிடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் சாய்ந்தாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் சாய்ந்தால், அரை நொடிக்குள் மொத்தமும் உன் முழங்கால் மேல் வந்து இறங்கும்.

அந்த அரை நொடியில் கையை விட்டுவிட வேண்டும். வண்டி விழட்டும், நீ தள்ளி நின்றுகொள். லீவர் கடையில் கிடைக்கும். முழங்காலுக்குக் கடை கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2019இல் நான் ஸ்பிட்டி போய் நொண்டிக்கொண்டு திரும்பியபோது, "வழுக்கி விழுந்துட்டேன்" என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னேன் இல்லையா, அது முழு உண்மை இல்லை. மணாலியிலிருந்து ஸ்பிட்டியில் இருக்கும் காஸாவுக்குப் போகும் வழியில், கிராம்ஃபூவைத் தாண்டினால் பாத்தல் வரைக்கும் சாலை என்று ஒன்று பேருக்குத்தான். சந்திரா நதியை ஒட்டி, உருட்டிவிட்ட கல்லும் சேறும்தான் வழி. மலையிலிருந்து பனி உருகி வரும் ஓடைகள் அங்கங்கே குறுக்கே ஓடும். அங்கே அவற்றை நாலா என்பார்கள். நாங்கள் மூன்று பேர். காஸாவில் அறை பதிவு செய்திருந்தோம், ராத்திரிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு வெறி. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நாலாவுக்கு வந்து சேர்ந்தோம்.

பனி ஓடையில் காலையில் தண்ணீர் குறைவு. பகலெல்லாம் வெயில் பட்டு மேலே பனி உருக உருக, பிற்பகலில்தான் வெள்ளம் ஏறும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கினேன். தண்ணீர் கலங்கி, சுண்ணாம்பு கரைத்த மாதிரி வந்துகொண்டிருந்தது, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பூசணிக்காய் அளவு கல் ஒன்றில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, வண்டி இடது பக்கம் சாய்ந்தது. விட்டிருந்தால் வண்டி நனைந்திருக்கும், அவ்வளவுதான். நான் விடவில்லை. காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தேன். இருநூறு கிலோ வண்டி, முப்பது கிலோ மூட்டை, எல்லாம் சேர்ந்து என் கணுக்காலைக் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்து அழுத்தியது. காலில் இருந்தது சாதாரணத் தோல் ஷூ. கூட வந்தவர்கள் வண்டியை நகர்த்தி என்னை வெளியே இழுக்கும்வரை அந்தப் பனித் தண்ணீரில் கிடந்தேன். ஜவ்வு கிழிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். இப்போதும் ஐப்பசி மழை ஆரம்பித்தால் அந்தக் கணுக்கால்தான் எனக்கு முதலில் சொல்லும்.

அதனால் ஷூ விஷயத்தில் உன்னிடம் பேரமே கிடையாது. கணுக்காலுக்கு மேல் வரும், பக்கவாட்டில் மடங்காத ரைடிங் பூட்ஸ் வாங்கு. மேலே மாட்டுகிற விளக்கு, பெட்டி, கம்பி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு வருவோம். பங்க்கில் அந்த இரண்டு பேரும் முன்னால் குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், முதுகு போய்விடும். நீ வண்டிக்கு முதுகைக் காட்டு. முதலில் கில் சுவிட்சை அணை. உருளாமல் இருக்க வண்டி முதல் கியரில் இருக்கட்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடு. இல்லையென்றால் கஷ்டப்பட்டு நிமிர்த்திய வண்டி அப்படியே அந்தப் பக்கம் போய் விழும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுசாகத் திருப்பு, அப்போது கீழே கிடக்கும் கைப்பிடி டேங்க்கை ஒட்டி வந்து உன் கைக்கு எட்டும். இப்போது சீட்டின் மேல் உன் இடுப்பை வைத்துக் குந்து. ஒரு கை அந்தக் கைப்பிடியில், இன்னொரு கை பின்னால் இருக்கும் கேரியர் கம்பியில். முதுகு நேராக, பார்வை நேராக. பிறகு கையால் இழுக்காதே. தொடையால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நட. ஆட்டுக்கல்லை நகர்த்த உன் பாட்டி இப்படித்தான் முதுகைக் கொடுத்துத் தள்ளுவாள், பார்த்திருக்கிறாய். முதல் இரண்டு அடி மலை மாதிரி இருக்கும். மூன்றாவது அடியில் வண்டி தானே எழுந்து வர ஆரம்பிக்கும். அப்போது வேகத்தைக் குறை, நிமிர்ந்த வண்டியைத் தாண்டித் தள்ளிவிடாதே.

சரிவில் விழுந்திருந்தால், சக்கரம் மேட்டுப் பக்கமும் சீட்டு பள்ளத்துப் பக்கமுமாகக் கிடந்தால், அப்படியே தூக்கப் பார்க்காதே. முதலில் வண்டியைத் தரையோடு இழுத்து, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி திருப்பிக்கொள். பாதி வேலையைச் சரிவே செய்துகொடுக்கும்.

மூட்டையை எவ்வளவு எடுத்துப்போவது என்று கேட்டிருந்தாய். மூட்டை கட்டிய வண்டியைக் கீழே படுக்கவைத்துத் தனியாகத் தூக்கிப் பார். தூக்க முடிந்தால் அதுதான் உன் மூட்டை. முடியாவிட்டால் எதையாவது வீட்டில் வை. நான் 2019இல் கொண்டுபோன முப்பது கிலோவில் பாதியைப் பிரிக்கவே இல்லை. இதையே வண்டி வாங்குவதற்கும் சொல்வேன். உன் ஆபீஸ் நண்பர்கள் ஜெர்மன் ஜிஎஸ் 1250 பற்றிப் பேசுவதாகச் சொன்னாய். அருமையான வண்டி, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் குடும்பத்து வண்டியில்தான் ஹூபர்ட் ஆரியோல் 1981இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் அது 249 கிலோ. அதே டக்கார் பந்தயத்தில் 2011 முதல் 450 சிசிக்கு மேல் பைக்கே அனுமதி இல்லை. உலகத்தின் கைதேர்ந்த ஓட்டுநர்கள் பாலைவனத்தில் ஓட்டுவது அந்த அளவு இஞ்சின்தான். நம் பக்கத்து பெங்களூருக்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015இல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனதும் அப்படிப்பட்ட வண்டியில்தான். உன் 411 சிசி எதிலும் குறைச்சல் இல்லை.

இப்போது பங்க்கில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். சீட்டு 800 மில்லிமீட்டர் உயரம், உனக்கு இரண்டு காலும் முழுசாக எட்டாது. எட்டவும் வேண்டியதில்லை. நீ செய்த பிழை, நிறுத்திவிட்டுக் கால் வைக்க இடம் தேடியது. உன் இடது கால் இறங்கிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், ஆயில் கசிவு வேறு இருந்தது என்றாய். பத்தடிக்கு முன்பே, காலை எங்கே ஊன்றப்போகிறாய் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நிறுத்து. சீட்டில் இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, ஒரே காலை உறுதியாக வை. இன்னொரு கால் பிரேக் மேல் இருக்கட்டும். அங்கே மலையில் நீ விழப்போவதில் முக்கால்வாசியும் ஓடும்போது இருக்காது, நிற்கும்போதுதான் இருக்கும்.

ஓடும்போது வண்டி உன்னைவிட புத்திசாலி. கல் பாதையில் உட்கார்ந்து ஓட்டாமல் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில். உன் பாரம் சீட்டிலிருந்து கால் கட்டைக்கு இறங்கிவிடும். முழங்காலால் டேங்க்கை லேசாக அணைத்துக்கொள், முழங்கையை விரித்து மடக்கி வை, ஹேண்டிலை இறுக்காதே. அந்த 21 இஞ்ச் முன் சக்கரம் கல்லில் பட்டு இடமும் வலமும் துள்ளும். துள்ளட்டும், அதுவே நேராகிக்கொள்ளும். நீ இறுக்கிப் பிடித்தால் அந்தத் துள்ளல் உன் தோள் வழியாக வண்டிக்கே திரும்பிப் போகும். கண்ணை மட்டும் முன் சக்கரத்துக்குக் கீழே வைக்காதே. எந்தக் கல்லைப் பார்க்கிறாயோ அந்தக் கல்லில்தான் போய் ஏறுவாய். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் வழியைப் பார். இறக்கத்தில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள், உன் மாடலில் அதற்குச் சுவிட்ச் உண்டு. சரளைக்கல்லில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். முன்பக்கத்து ஏபிஎஸ் எப்போதும் வேலை செய்யும், அது நல்லதுதான்.

வண்டியைப் பராமரிப்பது பற்றி நிறைய எழுதலாம். ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், இதையெல்லாம் கையேடு சொல்லும், அதன்படி செய். கையேடு முழுசாகச் சொல்லாத இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்போக்ஸ் உனக்குப் புதிது. இத்தனை நாள் ஸ்கூட்டி ஓட்டியவள். வாரம் ஒருமுறை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு வா. சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காதுதான் வேண்டும். இறுக்கமாக இருக்கும் கம்பி டிங் என்று சொல்லும். தளர்ந்தது டொக் என்று செத்துப்போன சத்தம் கொடுக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதை மட்டும் முழுசாக முறுக்கிவிடாதே, ரிம் கோட்டமாகிவிடும். கால் சுற்று திருப்பு, அக்கம்பக்கத்துக் கம்பிகளையும் பார், சக்கரத்தைச் சுழற்றிப் பார், மறுபடி கால் சுற்று. நம் தெருவில் முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பொறுமைதான் இதற்குத் தேவை.

செயினை இழுத்து இறுக்கி வைக்கும் பழக்கம் மெக்கானிக்குகள் சிலருக்கு உண்டு. இந்த வண்டியில் பின் சஸ்பென்ஷன் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இழுபடும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அந்த அடியை வாங்கும். கொஞ்சம் தொளதொள என்று இருப்பதைப் பார்த்து யாராவது குறை சொன்னால், கையேட்டு அளவைக் காட்டு.

உன் சக்கரத்தில் டியூப் இருக்கிறது. ஸ்கூட்டியில் செய்த மாதிரி ஆணியைப் பிடுங்கித் திரியைச் செருகிவிட்டுப் போகமுடியாது. அதனால் புறப்படுவதற்கு முன் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல், பின் சக்கரத்தைக் கழற்றி டியூப்பை மாற்றி மறுபடி மாட்டு. முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், அழுகை வரும். கடைசி ஒரு சாண் டயர் உள்ளே போகவே போகாது. அங்கேதான் எல்லாரும் லீவரைப் போட்டு நெம்பிப் புது டியூப்பையே கிழிப்பார்கள். எதிர்ப் பக்கம் போய் டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி, ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்கு. இந்தப் பக்கம் தானே இடம் கிடைத்துவிடும், கட்டைவிரலாலேயே உள்ளே தள்ளலாம். வீட்டில் ஒருமுறையாவது பயன்படுத்தாத எந்தச் சாமானையும் மலைக்குக் கொண்டுபோகாதே. ஒரு கிளட்ச் கேபிளை மட்டும் இருக்கிற கேபிளோடு சேர்த்தே ஓடவிட்டு டேப் சுற்றிவை. அறுந்தால் முனையை மாற்றி மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.

நான் விழுந்த அன்றைக்கு அந்த நாலாவில் இன்னொன்றும் நடந்தது. கரையேற்றிய வண்டியை ஸ்டார்ட் செய்ய என் நண்பர் செல்ஃப் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் நின்ற பிக்-அப் வண்டி ஓட்டுநர், லாஹோல் பகுதிக்காரர், ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சீட்டைக் கழற்றச் சொல்லி ஏர் ஃபில்டரைக் காட்டினார். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபிறகுதான் செல்ஃப் போடவிட்டார். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதோடு இஞ்சினைச் சுற்றியிருந்தால் பிஸ்டன் கம்பி வளைந்திருக்கும். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என்னையும் வண்டியையும் மணாலிக்கு ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான். கூலி பேசும்போது டீசலுக்கு மட்டும் கேட்டார்.

அங்கே போகிறபோது மனிதர்களைக் கவனி, பாப்பா. அந்த வழியில் கல் உடைத்துத் தார் ஊற்றும் ஆட்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். அவர்களைத் தாண்டும்போது முதல் கியருக்கு இறங்கு, புழுதியை அவர்கள் மேல் வாரி இறைக்காதே. சாலையை விட்டுப் புல்வெளியில் இறங்கி வட்டம் அடிக்கிற வீடியோக்களை நீ எனக்கு அனுப்பியிருக்கிறாய். அது மட்டும் வேண்டாம். குளிர்ப் பாலைவனம் அது. ஒரு சக்கரத் தடத்தில் செத்த புல் திரும்பி முளைக்கப் பல வருஷம் ஆகும், அந்தப் புல்லை நம்பி ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நீ ஜூலை என்றாய். செப்டம்பருக்கு மாற்று. மழையும் ஓய்ந்திருக்கும், நாலாக்களிலும் தண்ணீர் வடிந்திருக்கும். மணாலி வழியாக ஏறாதே. 2,050 மீட்டரிலிருந்து ஒரே நாளில் குன்சும் கணவாய்க்கு, 4,500 மீட்டருக்கு மேல், ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும், அந்த நிலையில் வண்டியைப் பிடிக்க முடியாது. சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ என்று கின்னௌர் வழியாக நாலைந்து நாள் எடுத்து ஏறு. தாபோவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய மண் மடாலயம் இருக்கிறது, அங்கே ஒரு நாள் தங்கு. இறங்கும்போது குன்சும் வழியாக இறங்கிக்கொள். கூட வருகிறவர்கள் வேகமாகப் போனால் போகட்டும். உன் வேகத்தில் நீ வா, அடுத்த டீக்கடையில் காத்திருப்பார்கள்.

2022இல் நான் மறுபடி போனேன் என்று உன் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதே நாலா. இந்த முறை பகல் இரண்டு மணி. கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீருக்குள் நடந்து பார்த்தேன். முழங்காலுக்கு வந்தது, காலைத் தள்ளியது. எதிர்க் கரையில் நாலு பையன்கள் தாண்டிப் போய்க் கை காட்டிக் கூப்பிட்டார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு, வழியில் இருக்கும் சத்ரு என்ற இடத்துக்கு வந்து, ஒரு தாபா கூடாரத்தில் ராஜ்மா சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்று கம்பளிக்கு அடியில் படுத்தேன். ராத்திரி முழுக்க நதி இரைந்துகொண்டிருந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே போனால், அதே நாலா கணுக்காலைத் தாண்டவில்லை. தண்ணீர் தெளிந்து, அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கரையோரத்தில் மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது. முதல் கியரில், கண்ணை எதிர்க் கரையில் வைத்து, ஆக்ஸிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல் போனேன். பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது. அந்தப் பக்கம் போய் நிறுத்தி, ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராணிப்பேட்டை வந்துவிடு. பாலாற்றில் இப்போது தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். டயரில் காற்றை 20க்கு இறக்கிக்கொண்டு வண்டியை மணலுக்குள் தள்ளிக்கொண்டு போவோம். உன் அப்பனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும், கிட்டே வரக்கூடாது. வண்டியை நானே முதலில் இடது பக்கம் படுக்கவைப்பேன், அப்புறம் வலது பக்கம். நீ தூக்கு. எத்தனை தடவை ஆனாலும் சரி, இட்லியும் காபியும் கட்டிக்கொண்டு வருகிறேன்.